கையை இழுத்த படம்

மாதா கோயிலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். சுவாமி. என் அண்ணன். அண்ணி. அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். நான் சமையல் வேலை பார்த்த வெள்ளவத்தை வீட்டுக்கார அம்மா, பறங்கி நோனா. கொட்டாஞ்சேனையில் கோயில் திருநாள்களுக்குப் படம் பிடிக்கிறவர். மாப்பிள்ளை. நான்.

மாப்பிள்ளையின் ஆட்கள் ஒருவரும் இல்லை. தாயும் சகோதரிகளும் யாழ்ப்பாணத்தில். சண்டையில் பாதை பூட்டு. பாஸ் கொடுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று சுவாமி சொன்னார். அண்ணி போய் நின்றார்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவர் என்னைவிட மூத்தவர். முதல் மனைவி செத்துப்போனார். முந்தி துறைமுகத்தில் அண்ணனோடு வேலை செய்து, கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போனவர். ஒருநாள் அங்கிருந்து அண்ணனுக்குக் கோல் எடுத்து, "உன்ர தங்கச்சி இன்னும் கட்டேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வந்து என்னிடம் கேட்டான். நான் "ம்" என்றேன். பேச்சுக்கால் அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான பைப்படியில் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"மணப்பொண்ணே, பல்லு எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாத்தாங்களா?"

"சும்மா இரு. பேரன் பேத்தி எடுக்கிற வயசில அவளுக்கு ஒரு வழி பொறந்திருக்கு."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கலியாணச் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் சொல்லுவோமா என்று அண்ணன் கேட்டான். "சமையக்காரியே வீட்டில இருக்கா, ஹோட்டல் எதுக்கு?" என்றார் அண்ணி. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. விடியக்காலையில் முகத்துவாரத்து இறால் வந்தது. நானே இருந்து ஓடு கழற்றி, குடல் எடுத்து, பிரட்டல் வைத்தேன். பிறகு குளித்தேன். கைக்குத் தேசிக்காய் போட்டேன், சவுக்காரம் போட்டேன், அண்ணியின் பவுடரும் போட்டேன். சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

மோதிரம் போட்டு முடிந்து வெளியே வந்தோம். படம் பிடிக்கிறவர் சொன்னார்: "மாப்பிள, கையப் பிடிங்க. இன்னும் மேல. நெஞ்சு மட்டத்துக்கு. பொண்ணு, சிரிங்க."

அவர் என் கையைப் பிடித்து உயர்த்தினார். என் கை அவருடைய முகத்துக்குக் கிட்டப் போனது. வெயிலுக்கு வேர்த்திருந்தேன். இறால் மணம் எழும்பியது. எனக்கே மூக்கில் அடித்தது. அவர் வெளிநாட்டு சென்ட் பூசிக்கொண்டு கோட்டோடு நிற்கிறார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கமரா அடித்தது.

பிறகு எடுத்த படங்களில் நான் தள்ளித்தான் நின்றேன். கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். எங்களுக்கு நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். தலையும் குனிந்தபடி.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை கட்டினால் கலியாண அல்பம் எம்பசிக்குப் போகும். கலியாணம் பொய்யில்லை என்று அவர்கள் நம்ப வேண்டும். வெள்ளவத்தை ஸ்டூடியோக்காரர்களுக்கு அது பழகிப்போன வேலை. போனவுடன் "எம்பசிக்கா?" என்று கேட்பார்கள். ஓம் என்றால் தோளில் கை போட வைத்து, கேக் ஊட்ட வைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து எடுப்பார்கள். எங்களுடையவர் தேர்ப் படமும் சொரூபப் படமும் பிடிக்கிறவர். அவருக்கு எம்பசிப் படம் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. மாப்பிள்ளை இரண்டு கிழமை இருந்துவிட்டு வெளிநாட்டுக்குத் திரும்பிப் போனார். நான் அல்பத்தோடு இருந்தேன்.

நோனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் தனிய இருந்தார். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். என்னோடு சிங்களத்தில் கதைப்பார். பின்னேரமானால் சிநேகிதிக்குக் கோல் எடுத்து இங்கிலீஷில் கதைப்பார். நான் அடுக்களையில் காய் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு சொல் அடிக்கடி வரும். "ஐ வோஸ் மோட்டிஃபைட்."

அதை எப்போது சொல்வார் என்று எனக்குத் தெரியும். நடந்தது எல்லாம் என் கண்முன் நடந்ததுதானே. பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு இருந்தபோது சுவாமி வந்து கதவில் நின்றார். அன்று சொன்னார். நாய் விருந்தாளியின் சப்பாத்தில் சலம் விட்டது. அன்று சொன்னார். கோயிலில் சுவாமியிடம் நன்மை வாங்கப் போகும்போது உள்பாவாடை நழுவிக் காலடியில் விழுந்தது. அன்று மூன்று சிநேகிதிகளுக்குக் கோல் எடுத்து மூன்று பேருக்கும் சொன்னார். சின்ன விஷயம் என்றால் அதற்கு வேறு சொல். தேத்தண்ணிக்குச் சீனி காணாமல் போனதற்கு இதைச் சொல்ல மாட்டார். கோட்டையில் குண்டு வெடித்து வீட்டுக் கண்ணாடி அதிர்ந்த அன்றும் சொல்லவில்லை. அன்று சொன்னது இன்னொரு சொல். இது நாலு பேர் பார்க்க மானம் போவதற்கு மட்டும். பயத்துக்கு இல்லை. துக்கத்துக்கு இல்லை.

எம்பசியில் கூப்பிட்டார்கள். குளிர்ந்த அறை. மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரிப் பெண். என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொடியன், டை கட்டிக்கொண்டு. அதிகாரி இங்கிலீஷில் கேட்பார். அவன் தமிழில் சொல்வான்.

"அக்கா, கலியாணத்துக்கு ஏன் இவ்வளவு கொஞ்சப் பேர் எண்டு கேக்கிறாங்க."

"பாதை இல்ல."

"அண்டைக்கு ராவு எங்க தங்கினீங்க?"

"அண்ணன் வீட்டில."

அடுத்த கேள்வியை அவன் உடனே சொல்லவில்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கட்டில்ல அவர் எந்தப் பக்கம் படுப்பார்?"

"கட்டில் இல்ல தம்பி. பாய்."

"பாயில?"

"சுவர்ப் பக்கம் நான்."

முன்னறையில் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் பிள்ளைகள் படுத்திருந்ததையும் சொல்ல வேண்டி வந்தது. அவன் காது சிவந்துவிட்டது. என்னுடையதும் சிவந்திருக்கும்.

அதிகாரி அல்பத்தைப் புரட்டினார். அந்தப் படத்தில் விரலை வைத்தார். மாப்பிள்ளையின் கை நீட்டினபடி இருக்கிறது. என் கை பாதி வழியில் திரும்பி வருகிறது. முகம் சுளித்திருக்கிறது.

"ஏன் கைய இழுத்தீங்க?"

"வெக்கம்."

அவன் "ஷை" என்றான். அந்தச் சொல் எனக்கும் தெரியும். அதிகாரி ஃபோமில் வயதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"முப்பத்தெட்டு வயசிலயும் அவ்வளவு வெக்கமா எண்டு கேக்கிறாங்க."

எனக்கு ரோசம் வந்தது. அவன் சொன்னது பிழை. பெண் பார்க்க வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறாளே, அவளுக்கு வருவது ஷை. எனக்கு வந்தது அதில்லை. எனக்கு வந்ததற்கு இங்கிலீஷில் சரியான சொல் இருக்கிறது. அது என்னிடம் இருந்தது.

"ஐ வோஸ் மோட்டிஃபைட்" என்றேன்.

அதிகாரி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு நேரே இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் பொடியனைப் பார்த்தேன்.

"அக்கா, ஃபோமில இங்கிலீஷ் தெரியாது எண்டு போட்டிருக்கு. இது எல்லாரும் பாவிக்கிற சொல்லில்ல. ஆர் சொல்லித் தந்தது? வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜன்டா?"

"நோனா."

"எந்த நோனா?"

"நான் சமைக்கிற வீட்டு நோனா. ஃபோனில சொல்லுவாங்க."

"அப்ப அதுக்கு என்ன கருத்து? தமிழ்ல சொல்லுங்க."

"நாலு பேர் முன்னுக்கு மானம் போறது. பிறகு நினைச்சாலும் உடம்பு சுடும்."

அவன் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை.

"கருத்து சரியாம் அக்கா. அப்ப, புருஷன் கையப் பிடிச்சதில உங்களுக்கு என்ன மானம் போச்சு எண்டு கேக்கிறாங்க."

இறால் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. அந்த அறையில் மேசை பளபளத்தது. பொடியன் நல்ல வாசத்தோடு இருந்தான். அதிகாரியின் நகத்தில் பூச்சு இருந்தது. என் நகக் கண்ணில் மஞ்சள். கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன். கலியாணத்தன்று என் கை நாறியது என்று அவனிடம் சொல்லி, அவன் அதை இங்கிலீஷில் சொல்லி, அவர்கள் எழுதிவைக்க வேண்டுமா?

"ஒண்டுமில்ல" என்றேன்.

எழுதினார்கள். நெடுநேரம் எழுதினார்கள்.

பதில் வந்தபோது நோனாதான் வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். விசா இல்லை. இந்தக் கலியாணத்தை அவமானமாக நினைப்பதாகப் பெண்ணே சொல்லியிருக்கிறார். சேர்ந்து வாழ்கிறவர்கள் என்று நம்பப் போதிய அத்தாட்சி இல்லை. திருப்பி மனுப் போடலாம். போட்டால், ஸ்டூடியோவில் எடுத்ததில்லாமல் சாதாரணமாக எடுத்த படங்கள் வேண்டும்.

நோனா கண்ணாடியைக் கழற்றினார். "அவமானமென்று நீயா சொன்னாய்?"

"உங்கட சொல்லைத்தான் சொன்னேன் நோனா."

"எந்தச் சொல்?"

சொன்னேன். நோனாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "எதற்குச் சொன்னாய்?" என்று கேட்டார். அந்த இறாலை நோனா இரண்டாம் தரமும் கேட்டுப் போட்டுச் சாப்பிட்டவர். நான் உலையை இறக்கப் போனேன்.

வெளிநாட்டிலிருந்து அவருக்கு லீவு கிடைக்க அடுத்த வருஷமாகிவிட்டது. வந்த அன்று ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் அதே முன்னறை, அதே பாய். விளக்கை அணைத்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இஞ்சை பாரும். அண்டைக்கு ஏன் கையை இழுத்தனீர்?"

நான் கையைச் சேலைக்குள் எடுத்துக்கொண்டேன்.

"என்னைப் பிடிக்கேல்லையெண்டால் சொல்லும். நான் அங்கை ஒரு வருஷமா அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். உமக்கு விருப்பமில்லாமல் கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எம்பசிக்கு மட்டுமில்லை, இவருக்கும் அதே சந்தேகம். இவரும் அங்கே கொண்டுபோன பிரதியில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"இறால்" என்றேன்.

"என்ன?"

"கையில இறால் மணம். கோட்டோட நிண்டீங்க."

பாய் அதிர்ந்தது. சிரிக்கிறார்.

"எட, அது எனக்கு அண்டைக்கே மணந்தது. விடியத் தொடங்கி ஒண்டும் சாப்பிடேல்லை. எப்பவடா வீட்டை போவம், எப்பவடா கோப்பையில போடுவினம் எண்டுதான் நிண்டனான்."

திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் மகள் களுக்கென்று சிரித்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் சிரித்ததால் அது சின்ன விஷயம் ஆகிவிடவில்லை. எனக்கு இன்றைக்கும் அது சின்ன விஷயமில்லை.

படம் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அவர் கமரா கொண்டு வந்திருந்தார். யார் எடுப்பது? அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனோம். றெயில் பாதைக்கு அந்தப் பக்கம் கல்லு, கடல். காற்றுக்கு என் முந்தானை நிற்கவில்லை.

அண்ணன் கமராவைக் கண்ணில் வைத்தான். அவர் என் தோளில் கை போட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு பட்டனை அமுக்கினான்.

"மச்சான், எங்களைப் பாத்து எடு" என்றார் அவர்.

"நீங்க நில்லுங்க. நான் எடுக்கிறேன்" என்றான் அண்ணன். மறுபடியும் கடலைப் பார்த்தான். தங்கச்சி புருஷன் மேல் சாய்வதை எந்த அண்ணன் நின்று பார்ப்பான்? நானும் சாயவில்லை. அப்படியே ஏழெட்டுப் படம் போனது. பிறகு கழுவிப் பார்த்தால் பாதியில் தலையே இல்லை.

அப்போது பாதையோரத்துச் சென்ட்ரிக் காவலரணிலிருந்து ஒரு ஆமிக்காரன் இறங்கி வந்தான். துவக்கோடு. சின்ன வயது. றெயில் பாதையையும் சென்ட்ரியையும் படம் எடுக்கிறோம் என்று நினைத்துவிட்டான். நாங்கள் நின்ற இடம் அப்படி. அந்த நாளில் தமிழாக்கள் அங்கே கமராவோடு நின்றதே மடத்தனம். அடையாள அட்டையை, ஐசியைக் கேட்டான். கொடுத்தோம். அவருடைய ஐசியில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கமராவுக்குக் கையை நீட்டினான்.

ஃபிலிமை இழுத்து வெளிச்சத்தில் காட்டிவிடுவான் என்று நினைத்தேன். அவருக்கு லீவு இன்னும் ஐந்து நாள். பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனால் அதுவும் போகும். விசாவும் போகும். அண்ணனின் சிங்களம் தடுமாறியது. எனக்கு நோனா வீட்டுச் சிங்களம் இருந்தது. நான் சொன்னேன்.

எம்பசியில் எங்களைப் புருஷன் பெண்சாதி என்று நம்பவில்லை மாத்தையா. ஒட்டி நிற்கிற படம் கேட்கிறார்கள். எங்களுக்கு அப்படி நிற்கத் தெரியவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அண்ணனைப் பார்த்தான். சென்ட்ரிப் பக்கம் திரும்பி, இன்னொருவனுக்குக் கத்திச் சொன்னான். அங்கேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மற்றவனும் மண்மூட்டைக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

ஆமிக்காரன் துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கமராவைக் கண்ணில் வைத்தான்.

"ளங் வென்ன, அக்கே."

கிட்டப் போகச் சொல்கிறான். போனேன்.

"தவ டிக்கக்."

இன்னும் கொஞ்சம். போனேன். சேலை அவருடைய சேர்ட்டில் முட்டியது.

"தலையை அவருடைய தோளில் வை" என்று சிங்களத்தில் சொன்னான். வைத்தேன். "கையைப் பிடி." பிடித்தேன். "லெஜ்ஜா வென்ன எப்பா." வெட்கப்பட வேண்டாமாம். றெயில் பாதை வழியே போன குடும்பம் ஒன்று நின்று பார்த்தது. கடலை விற்கிறவன் கூடையை இறக்கி வைத்துவிட்டான். "ஐயா, அக்காவத் தூக்குங்க!" என்று தமிழில் கத்தினான். எல்லாருக்கும் சிரிப்பு. அவர் முகமும் கறுத்துப்போய்விட்டது. ஆனால் கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை. இழுத்தால் இனி ஒருநாளும் போக முடியாது என்று தெரியும்.

"ஹினா வென்ன."

சிரித்தேன்.

ஃபிலிம் தீருமட்டும் எடுத்தான். சுற்றும் சத்தம் கேட்டதும் கமராவை அவரிடம் கொடுத்தான். ஐசிகளையும் கொடுத்தான். தனக்கும் கலியாணம் பேசியிருக்கிறதாம், லீவுதான் தருகிறார்களில்லையாம். இனிமேல் இந்தப் பக்கம் கமரா கொண்டு வர வேண்டாம் என்றும் சொன்னான். அண்ணனோ வீடு வரைக்கும் எங்களுக்கு முன்னால் போனான். திரும்பிப் பார்க்கவேயில்லை. இரண்டு நாள் என்னோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

மனுவுக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. பொடியன் வேறு. நான் ஒரு இங்கிலீஷ்ச் சொல்லும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துப் போயிருந்தேன். தேவைப்படவில்லை. அவர் கேள்வியே கேட்கவில்லை. படங்களை மேசையில் பரப்பினார். நான் சாய்ந்திருப்பது, கை கோத்திருப்பது, பல் தெரியச் சிரிப்பது. அவரும் கொஞ்சம் சிரித்தார். "நைஸ்" என்றார். சிலதை எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை உறையில் போட்டுத் தந்தார். பாஸ்போட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

கலியாணத்தன்று நான் நின்றபடி நின்ற படத்தை அவர்கள் நம்பவில்லை. ஆமிக்காரன் சொன்னபடி நின்றதை நம்பினார்கள். விசா கிடைத்தது. இங்கே வந்து சேர்ந்தேன். அவரோடுதான் இருக்கிறேன்.

எம்பசியில் உறையில் போட்டுத் தந்ததை அன்று பின்னேரமே நோனா வீட்டு அடுக்களையில் வைத்து எண்ணிப் பார்த்தேன். வராதவை எம்பசி ஃபைலில்தான் இருக்கும். யாராரோ எடுத்துப் பார்ப்பார்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் புருஷன் தோளில் தலை வைத்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, நான்.

அந்த ஃபைலில் பதினொரு படங்கள்.